எப்போதும் மகன்

தாய்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி. நடைவழி முழுக்கக் காயம்பட்டவர்கள். கால் சிதைந்து கட்டிலில் கிடக்கிறாள் ஒரு தாய். தன் உயிரே நிச்சயமில்லாத அந்த நேரத்தில், பக்கத்தில் மிரண்டு நிற்கும் மூத்த மகனிடம், போய் யாருக்காவது உதவி செய் என்று சொல்லி அனுப்புகிறாள். பையன் போகிறான். பிள்ளையைத் தேடுகிறவர்களும் கணவனைத் தேடுகிறவர்களும் பெயர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் குறித்துக்கொள்கிறான். பிறகு வார்டு வார்டாக அலைந்து அந்தப் பெயர்களைக் கூவுகிறான்.

2012-ல் வந்த ‘தி இம்பாசிபிள்’ படத்தின் காட்சி இது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் சிக்கிப் பிரிந்து, மீண்டும் உயிரோடு ஒன்று சேர்ந்த மரியா பெலோன் என்ற ஸ்பானியப் பெண்மணியின் குடும்பக் கதை. இயக்கியவர் ஹுவான் அந்தோனியோ பயோனா. படத்தில் அது ஆங்கிலேயக் குடும்பமாக மாறியது. தாயாக நவோமி வாட்ஸ், தந்தையாக இவான் மெக்ரெகர். மூத்த மகன் லூகாஸாக நடித்தது, அதுவரை சினிமா கேமரா முன் நிற்காத ஒரு லண்டன் பையன். படப்பிடிப்பு தொடங்கியபோது அவனுக்கு வயது 14. பெயர், டாம் ஹாலண்ட்.

அதே காலையில் அதே கடல் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் குளச்சலிலும் ஊருக்குள் ஏறியது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோனது. இலங்கையில் 30,000 பேருக்கும் மேல். தாய்லாந்து மண்ணில் நடந்த துயரத்தை வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளின் கதையாகச் சுருக்கிவிட்டார்கள் என்று இந்தப் படத்தின்மேல் விமர்சனம் உண்டு. நியாயமான விமர்சனம்தான். தாய்லாந்து மக்கள் படத்தில் உதவி செய்பவர்களாக மட்டுமே வந்து போகிறார்கள். அவர்கள் இழந்தது என்ன என்று கேமரா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி வாசல்களில் ஒட்டியிருந்த பட்டியல்களில் விரல் வைத்து வரிவரியாகப் பெயர் தேடியவர்கள் நம் கடற்கரையில் இன்றும் இருக்கிறார்கள். பெயர்களைக் கூவிக்கொண்டு ஓடும் அந்தப் பையன் அவர்களுக்கு அந்நியமாக இருக்க மாட்டான்.

இந்தப் படத்துக்காக அமெரிக்காவின் நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ அமைப்பு ஹாலண்டைப் புதிய நடிகராகத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது. பிறகு வந்த ஸ்பைடர்மேன் புகழில் இது மறைந்துபோனது. ஆனால் ஹாலண்ட் என்ற நடிகரைப் புரிந்துகொள்ள நான் முதலில் திரும்பிப் போவது லூகாஸிடம்தான். அவர் நடித்த பாத்திரங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே மகன் வேடம். தாயைக் காக்கும் மகன், தந்தையைத் தேடும் மகன், தந்தையோடு சேர்ந்து அழியும் மகன், தந்தையே இல்லாமல் வளரும் மகன்.

கிங்ஸ்டன் வீடு

1996 ஜூன் 1 அன்று, லண்டனின் தென்மேற்கில் தேம்ஸ் கரையோரம் இருக்கும் கிங்ஸ்டனில் பிறந்தார் ஹாலண்ட். அப்பா டொமினிக் ஹாலண்ட், மேடையில் தனியாக நின்று சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் கலைஞர். 1993-ல் எடின்பரோ விழாவில் சிறந்த புதுமுகத்துக்கான பெரியே விருது வாங்கியவர். அம்மா நிக்கி, புகைப்படக் கலைஞர். டாமுக்குப் பின் சாம், ஹாரி என்று இரட்டையர்கள், கடைக்குட்டி பேடி.

ஏழு வயதில் டாமுக்கு டிஸ்லெக்ஸியா இருப்பது தெரிந்தது. எழுத்து வசப்பட மறுத்தது. கூடுதல் கவனம் கிடைக்கட்டும் என்று பெற்றோர் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். மேடைக் கலைஞரின் வருமானத்துக்கு அந்தக் கட்டணம் பெரிய பாரம்.

எழுத்தில் தடுக்கிய பையனுக்குத் தாளம் தடுக்கவில்லை. ஜேனட் ஜாக்சன் பாட்டு ஒலித்தால் அவன் ஆடுவதைக் கவனித்த அம்மா, விம்பிள்டனில் ஒரு ஹிப்-ஹாப் நடன வகுப்பில் சேர்த்துவிட்டார். நடனம் ஆடுகிறான் என்பதற்காகவே பள்ளியில் கேலிக்கு ஆளானதை ஹாலண்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் வகுப்பை விடவில்லை. 2006-ல் ரிச்மண்ட் நடன விழாவில் அந்த வகுப்புப் பிள்ளைகளோடு ஆடியபோது லின் பேஜ் என்ற நடன இயக்குநரின் கண்ணில் பட்டான். அவர் அப்போது ‘பில்லி எலியட்’ இசை நாடகக் குழுவில் இருந்தவர்.

‘பில்லி எலியட்’டும் ஒரு மகனின் கதை. 1984-85-ல் பிரிட்டனை உலுக்கிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நடுவே, டர்ஹம் சுரங்க ஊரில், தாயை இழந்த பையன் ஒருவன் குத்துச்சண்டை வகுப்புக்குப் போகாமல் பாலே கற்றுக்கொள்கிறான். சுரங்கத்தில் உழைத்த தந்தைக்கு அது தாங்கவில்லை. ஸ்டீபன் டால்ட்ரி 2000-ல் படமாக எடுத்ததை, எல்டன் ஜானின் இசையோடு 2005-ல் அவரே லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கில் நாடகமாக்கினார்.

பில்லியாக நிற்கும் பையன் மாலை முழுவதும் மேடையைத் தாங்க வேண்டும். பாலே, டேப், ஜிம்னாஸ்டிக்ஸ், பாட்டு, இவற்றுக்கு மேல் வட இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளியின் பேச்சு. தென் லண்டன் பையனுக்கு அந்தப் பேச்சு வேற்றுமொழி மாதிரி. இரண்டு ஆண்டுகள் பயிற்சி. 2008 ஜூனில் முதலில் பில்லியின் நண்பன் மைக்கேலாக மேடையேறினான். அதே ஆண்டு செப்டம்பரில் பில்லி ஆனான். 2010 மார்ச் 31 அன்று நாடகத்தின் ஐந்தாம் ஆண்டு விழாக் காட்சியில் பில்லியாக ஆடியதும் அவன்தான்.

குழந்தைக் கலைஞர்களுக்கு அங்கே சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரே பையன் தினமும் ஆட முடியாது. அதனால் எப்போதும் சில பையன்கள் முறைவைத்துப் பில்லியாக ஆடுவார்கள். உயரம் கூடினாலோ குரல் உடைந்தாலோ விடைபெற வேண்டியதுதான். உடையும் ஷூவும் அடுத்தவனுக்கு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், ஒரு வேடத்தை முழு உயிரோடு ஆடவும், நேரம் வந்ததும் இறக்கி வைக்கவும் ஹாலண்ட் பழகினார். மூன்று நடிகர்கள் அணிந்த ஸ்பைடர்மேன் உடையை அவர் அவ்வளவு இயல்பாகச் சுமக்க முடிந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2010 மே 29 அன்று கடைசியாகப் பில்லியாக ஆடினான். சில மாதங்களில் ஸ்பெயினின் அலிகான்டே நகரில், சுனாமிக்காகக் கட்டிய பிரம்மாண்டமான நீர்த்தொட்டியில் நவோமி வாட்ஸோடு இறங்கிவிட்டான். தண்ணீர் அடித்துப் புரட்டும்போது கை கால் என்ன செய்ய வேண்டும் என்பது நடனம் பயின்ற உடம்புக்குத் தெரிந்திருந்தது.

மகன் இப்படி ஏறிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அப்பாவின் மேடை வாழ்க்கை மங்கிக்கொண்டிருந்தது. டொமினிக் அதை ஒளிக்கவில்லை. ‘எக்லிப்ஸ்ட்’ என்று பெயர் வைத்து 2013-ல் புத்தகமாகவே எழுதினார். தான் ஏங்கிய உயரத்துக்குத் தன் பிள்ளை அநாயாசமாகப் போவதைப் பார்க்கும் தகப்பனின் பெருமையும் வலியும் ஒருசேர வரும் புத்தகம்.

முகம் தெரியாத மகன்

ஹாலண்டின் நல்ல நடிப்பு எது என்று கேட்டால், பலருக்கும் தெரியாத ஒன்றைத்தான் சொல்வேன். 2013-ல் ஸ்டீவன் நைட் இயக்கிய ‘லாக்’. ஒரு இரவு, ஒரு கார், ஓட்டிச் செல்லும் டாம் ஹார்டி. பர்மிங்ஹாமிலிருந்து லண்டன் போகும் வழியில் அவர் பேசும் போன் அழைப்புகளே முழுப் படமும். திரையில் வேறு மனித முகம் கிடையாது. தன் ஒரு தவறால் வீட்டை இழந்துகொண்டே ஓட்டுகிறார் அந்தத் தந்தை. வீட்டில் மகன் எடி கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்கு போனில் கோல் விவரம் சொல்கிறான். மற்ற நடிகர்கள் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, காரில் இருக்கும் ஹார்டிக்கு நிஜமாகவே போன் செய்ய, அப்படியே படம்பிடித்தார்கள்.

எடியின் குரல் ஹாலண்டுடையது. முதல் அழைப்பில் உற்சாகம். போகப் போக, அம்மா அழுவது கேட்டு ஏதோ உடைந்துவிட்டது என்று பையனுக்குப் புரிகிறது; ஆனால் கேட்கத் தெரியவில்லை. அதனால் ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறான். ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், நீங்கள் வந்ததும் முடிவு தெரியாத மாதிரியே சேர்ந்து பார்ப்போம் என்கிறான். ஆடிப் பெயர் வாங்கிய பையனிடமிருந்து உடம்பையே எடுத்துவிட்டு, குரலை மட்டும் கேட்டார் நைட். அவன் கொடுத்தான். அந்தக் கடைசி அழைப்பை எத்தனை முறை கேட்டாலும் தொண்டை அடைக்கிறது.

2015-ல் பி.பி.சி.யின் ‘வுல்ஃப் ஹால்’ தொடரில் மார்க் ரைலன்ஸ் நடித்த தாமஸ் கிராம்வெல்லின் மகன் கிரெகரி. அடுத்து ஜேம்ஸ் கிரேயின் ‘தி லாஸ்ட் சிட்டி ஆஃப் இஸட்’ படத்தில், அமேசான் காட்டில் தொலைந்த நகரம் ஒன்றைத் தேடி 1925-ல் போய்த் திரும்பாத பெர்சி ஃபாசெட்டின் மகன் ஜாக். வருஷக்கணக்கில் வீட்டைவிட்டுப் போன தந்தைமேல் கோபம் கொண்ட பிள்ளை, வளர்ந்தபின் அதே தந்தையோடு அதே காட்டுக்குள் நடக்கிறான். ஹாலண்ட் வரும் நேரம் குறைவு. இருந்தும் படத்தின் சோகம் அவர் முகத்தில்தான் முடிகிறது.

உடையும் உடைமையும்

2015-ல் புதிய ஸ்பைடர்மேனுக்கான தேர்வு ஐந்து மாதங்கள் நீண்டது. வீட்டிலிருந்து வீடியோ அனுப்பும்போது நடிப்போடு பின்னோக்கி அடிக்கும் குட்டிக்கரணமும் சேர்த்து அனுப்பினார் ஹாலண்ட். கடைசிச் சுற்றில் அட்லாண்டாவில் ராபர்ட் டவுனி ஜூனியரோடும் கிறிஸ் எவன்ஸோடும் நடித்துக் காட்ட வேண்டும். முடிவை யாரும் போன் செய்து சொல்லவில்லை. ஜூன் மாதம் ஒருநாள் வீட்டில் இன்ஸ்டாகிராமில் மார்வெல் போட்ட பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கத்திக்கொண்டு ஓடிவந்த அண்ணனைப் பார்த்து, கணக்கை யாராவது ஹேக் செய்திருப்பார்கள் என்றாராம் தம்பி ஹாரி. ஸ்பைடர்மேன் பட உரிமையை வைத்திருக்கும் சோனி நிறுவனத்தின் கணினிகள் ஹேக் செய்யப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த சமயம் அது.

தனிப்படம் தொடங்குமுன் நியூயார்க்கின் பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் பொய்ப் பெயரோடு சில நாள் மாணவனாக உட்கார்ந்து பார்த்தார். அமெரிக்கப் பள்ளி மாணவன் எப்படி நடப்பான், எப்படிப் பையை மாட்டுவான் என்று பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு.

பீட்டர் பார்க்கர் அநாதை. சித்தப்பா, சித்தி வீட்டில் வளர்ந்தவன். மார்வெல் எழுத்தாளர்கள் அந்தத் தகப்பனில்லாப் பிள்ளைக்கு, டவுனி நடித்த டோனி ஸ்டார்க்கை ஆசானாகக் கொடுத்தார்கள். 2016-ல் ‘சிவில் வார்’, 2017-ல் தனிப்படமாக ‘ஹோம்கமிங்’. அதில் இடிந்த கட்டடத்தின் கீழ் நசுங்கிக் கிடக்கும் பீட்டர், முகமூடி இல்லாமல், உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு அழும் காட்சி ஒன்று வரும். சூப்பர் ஹீரோ படத்தில் நாயகன் குழந்தையாக அழுவதை அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் ‘இன்ஃபினிட்டி வார்’ முடிவில் ஸ்டார்க்கின் தோளைப் பிடித்துக்கொண்டே சாம்பலாக உதிர்ந்தபோது, பாதிப் பிரபஞ்சம் அழிந்த கதையில் உலகம் அழுதது இந்த ஒரு பையனுக்காகத்தான். மற்றவர்கள் சத்தமில்லாமல் மறைந்தார்கள். இவன் மட்டும் போக மறுத்தான். சாக விருப்பமில்லாத ஒரு பிள்ளையாக அந்தச் சில நொடிகளை நடித்தார் ஹாலண்ட்.

2019 ஆகஸ்டில் சோனிக்கும் மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னிக்கும் பேச்சு முறிந்து, ஸ்பைடர்மேன் மார்வெல் படங்களிலிருந்து வெளியேறும் நிலை வந்தது. அப்போதைய டிஸ்னி தலைவர் பாப் ஐகரின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கி, இதுவரை கிடைத்த வாய்ப்புக்கு நன்றி என்று ஹாலண்ட் எழுதினார். ஐகர் திரும்ப போன் செய்தபோது அவர் குடும்பத்தோடு ஒரு மதுக்கூடத்தில் வினாடி வினா விளையாடிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் இந்த இளைஞனின் பாசம் தன்னைத் தொட்டது என்று ஐகரே பின்னால் தொலைக்காட்சியில் சொன்னார். ஒப்பந்தம் மறுபடி கூடியது.

அதன் பலன் 2021 டிசம்பரில் வந்த ‘நோ வே ஹோம்’. அமெரிக்காவுக்கு ஒருநாள் முன்பாகவே, டிசம்பர் 16 அன்று, இந்தியாவில் தமிழ் உள்படப் பல மொழிகளில் வெளியானது. கொரோனா அச்சம் நீங்காத மாதங்களில் உலகெங்கும் 190 கோடி டாலர் வசூல். முந்தைய ஸ்பைடர்மேன்களான டோபி மக்வயரும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் திரையில் நுழைந்தபோது எழுந்த விசில் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்குப் பெரிதாகப் படுவது அதன் முடிவு. சித்தி மே இறந்துவிடுகிறாள். உலகைக் காக்க, தன்னை எல்லோரும் மறந்துபோகும்படி செய்துகொள்கிறான் பீட்டர். காதலிக்கும், நண்பனுக்கும் அவன் யாரென்று தெரியாது. ஒண்டிக் குடித்தனம் போன்ற சிறு அறையில் தையல் மெஷின் வைத்துத் தன் உடையைத் தானே தைத்துக்கொள்கிறான். யாருக்கும் மகனாக இல்லாத ஹாலண்டை நாம் முதன்முறையாகப் பார்த்தது அங்கேதான்.

வேடம் கலைந்தபோது

ஸ்பைடர்மேன் படங்களுக்கு இடையே வேறு பாதை தேடியும் நடந்தார். எல்லாம் சரியாக அமையவில்லை. ‘கேயாஸ் வாக்கிங்’ ஓடவில்லை. ‘அன்சார்ட்டட்’ ஓடியது, ஆனால் மனதில் நிற்கவில்லை. ரூஸோ சகோதரர்களின் ‘செரி’யில் போரிலிருந்து திரும்பி போதையில் விழும் ராணுவ மருத்துவ உதவியாளனாக மொட்டையடித்து, உடம்பை இளைக்கவைத்து நடித்தார். உழைப்பு தெரிகிறது, படம் அந்த உழைப்பின் மேல் தன் ஜாலங்களைக் கொட்டி மூடிவிடுகிறது. 2020-ல் வந்த ‘தி டெவில் ஆல் தி டைம்’ இதைவிடப் பல மடங்கு மேல். தற்கொலை செய்துகொண்ட தந்தையின் துப்பாக்கியைச் சுமந்து திரியும் ஆர்வின் (அங்கேயும் மகன்தான்) அதிகம் பேசுவதில்லை. துள்ளலுக்குப் பெயர்போன நடிகர் அசையாமல் உட்கார்ந்தே பயமுறுத்தினார். அதே வருஷம் பிக்ஸாரின் ‘ஆன்வர்ட்’ படத்தில், பிறக்குமுன் இறந்த அப்பாவோடு ஒரேயொரு நாள் கழிக்க ஏங்கும் இளைஞனுக்குக் குரல் கொடுத்தார்.

2023-ல் ஆப்பிள் டி.வி. பிளஸுக்காக ‘தி கிரவுடட் ரூம்’. சிறுவயதுக் கொடுமையால் மனம் பல ஆளுமைகளாகச் சிதறிய இளைஞனின் பத்து பாகக் கதை. தயாரிப்பிலும் பங்கு இருந்ததால் சுமை இரட்டிப்பு. முடித்தபோது அவரும் உடைந்திருந்தார்; ஒரு வருஷம் நடிப்புக்கு விடுப்பு என்று அறிவித்தார். விமர்சகர்கள் தொடரை அடித்துத் துவைத்தார்கள். அவர் நடிப்பை மட்டும் பலரும் விட்டுவைத்தார்கள்.

அதற்கு முன்பே இரண்டு முடிவுகளை எடுத்திருந்தார். 2022 ஜனவரியில், ஒரு மாதம் மட்டும் மதுவைத் தொடுவதில்லை என்று தொடங்கினார். அந்த மாதம் முழுக்க அதே நினைப்பாக இருந்தது அவரைப் பயமுறுத்தியது. இன்னொரு மாதம், பிறகு ஜூனில் பிறந்தநாள் வரை என்று நீட்டி, கடைசியில் விட்டேவிட்டார். ஜெய் ஷெட்டியின் பாட்காஸ்ட் நிகழ்ச்சியில் இதை ஒளிவுமறைவின்றிப் பேசினார். இரண்டாவது முடிவு, அதே ஆண்டு ஆகஸ்டில் சமூக வலைத்தளங்களிலிருந்து விலகியது. தன்னைப் பற்றி இணையத்தில் படித்துப் படித்துச் சுழலில் சிக்குவதாகச் சொல்லி, பதின்பருவத்தினரின் மனநலத்துக்கு உழைக்கும் ஸ்டெம்4 அமைப்பைப் பற்றியும் அந்த விலகலை அறிவித்த வீடியோவில் பேசினார். கோடிக்கணக்கான பிள்ளைகள் பின்தொடரும் ஒருவர் இதைச் சொல்வதன் மதிப்பு அதிகம். பையன்கள் மனக்கஷ்டத்தைச் சொல்லக் கூச்சப்படும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

‘ஹோம்கமிங்’ படத்தில் உடன் நடித்த ஸெண்டேயாதான் அவர் வாழ்க்கைத் துணை என்பது ஊரறிந்த செய்தி. இருவரும் தங்கள் வாழ்க்கையைக் கடைவிரிக்காமல் காத்துவருகிறார்கள். அதை அப்படியே விடுவோம்.

2024-ல் மேடைக்குத் திரும்பினார். லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் ஜேமி லாயிட் இயக்கிய ‘ரோமியோ ஜூலியட்’. டிக்கெட்டுகள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. ஆனால் ஜூலியட்டாக நடிக்கும் ஃபிரான்செஸ்கா அமேவுடா-ரிவர்ஸ் கறுப்பினப் பெண் என்பதற்காக அவர்மேல் இணையத்தில் இனவெறி வசைகள் கொட்டப்பட்டன. நாடகக் குழு உறுதியாக எதிர்த்து நின்றது. நூற்றுக்கணக்கான கறுப்பினக் கலைஞர்கள் ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். நாடகம் 12 வாரம் நடந்தது. வெறும் மேடை, மைக், நேரலை கேமரா. நாடுகடத்தப்பட்ட ரோமியோவைத் தேடி கேமரா அரங்கின் மொட்டைமாடிக்கே ஏறிப் போனது. சினிமாப் புகழுக்காக வந்த இளம் ரசிகர்கள் கூட்டம் ஷேக்ஸ்பியரை மூச்சடக்கிக் கேட்டுப் போனது.

அடுத்து கிறிஸ்டோபர் நோலன் அழைத்தார், ஹோமரின் ‘ஒடிஸி’க்கு. ட்ராய் போருக்குப் போய் இருபது ஆண்டுகளாக வீடு திரும்பாத ஒடிஸியஸாக மேட் டேமன். அவரைத் தேடிக் கப்பலேறும் டெலிமாக்கஸாக ஹாலண்ட். தகப்பனைத் தேடும் மகன் என்றால் மேற்குலக இலக்கியத்தில் இவனுக்கு முன்னோடி இல்லை. ஹோமரின் காவியமே முதலில் தந்தையைக் காட்டாமல் மகனின் தேடலில்தான் தொடங்குகிறது. ஹாலண்ட் இத்தனை வருஷம் நடித்த மகன்களெல்லாம் வந்து சேரும் இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2026 ஜூலைக்கு அறிவிக்கப்பட்ட அந்தப் படத்தோடு, அதே மாதத்துக்கே நாலாவது தனி ஸ்பைடர்மேன் படமான ‘பிராண்ட் நியூ டே’யும் குறிக்கப்பட்டது. கிளாஸ்கோ தெருக்களை நியூயார்க்காக்கி 2025-ல் படப்பிடிப்பு நடத்தினார்கள். செப்டம்பரில் ஹாலண்டுக்குத் தலையில் அடிபட்டுச் சில நாள் வேலையை நிறுத்த வேண்டியும் வந்தது. இந்தக் கதையில் பீட்டரைப் பெயர்சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அப்பா இடத்தில் நின்ற ஸ்டார்க்கும் இல்லை, சித்தியும் இல்லை.

2026 ஜூன் ஹாலண்டுக்கு முப்பதாவது பிறந்தநாள் மாதம். அப்பா டொமினிக்கின் மேடை வாழ்க்கையையும் மங்கலையும் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை அவர். ‘லாக்’ படத்தில் காருக்குள் உட்கார்ந்து மகனின் குரலைக் கேட்டு நொறுங்கினாரே டாம் ஹார்டி, அந்த இருக்கையில் ஹாலண்டை உட்காரவைக்கப் போகும் இயக்குநருக்காகக் காத்திருக்கிறேன்.